கணினித் திரையில் உச்சிக்குடும்பன்

(தேனியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஓர் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொம்மையைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வளவு பெரிய மண்டபமும் ஒலிபெருக்கியும் எதற்கு என்று நண்பர் ஒருவர் என்னைப் பரிகாசம் செய்தார். அந்தப் பரிகாசத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் பொம்மைதான். ஆனால் வீரபாண்டித் திருவிழாக் கடையில் வாங்கி, ஊர் வந்து சேருமுன்பே கை ஒடிந்துபோகிற பொம்மை அன்று. கணினித் திரையின்மேல், நாம் தட்டச்சு செய்கிற கடிதத்துக்கும் போடுகிற கணக்குக்கும் மேலாக, யார் உத்தரவும் இல்லாமல் நடந்து வந்து, சாளரத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, சில சமயங்களில் வாய் திறந்து பேசவும் செய்கிற சித்திரப் பொம்மை.

முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிறந்து, பிற்பாடு தொல்லை என்று துரத்தப்பட்ட இந்தப் பொம்மைகளை, இன்று இருபத்தைந்து வயதை எட்டியிருக்கிற இளைஞர்கள் தேடிப் பிடித்துத் தங்கள் கணினியில் மறுபடியும் குடியேற்றுகிறார்கள். பழைய பொம்மைகளோடு திருப்தி அடையாதவர்கள், தாங்கள் பாலப்பருவத்தில் தொலைக்காட்சியில் கண்ட கார்ட்டூன் பாத்திரங்களையே அந்த வேஷத்தில் நடமாட விடுகிறார்கள். டோரேமான் திரையின் அடிவிளிம்பில் நடக்கிறான், ஷின்சான் சாளரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். இந்த வாஞ்சையின் ஊற்றைத் தேடிப் புறப்பட்டால், வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அது அகப்படுகிறது.

இங்குள்ள வாழ்க்கையை உங்களுக்கு நான் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை. விடியுமுன்பே கூடலூரிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் ஜீப்புகள் வந்து நிற்க, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, குமுளிப் பாதையிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற தாய்மார்கள், பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகிறவரையில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வீட்டில் யாருடைய துணையில் இருந்தது என்ற கேள்விக்கு, பாட்டி இருந்த வீடுகளில் பாட்டி என்றும், இல்லாத வீடுகளில் தொலைக்காட்சி என்றும்தான் பதில் சொல்ல வேண்டும். 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டி.வி. வந்தது. பெட்டியும் வந்து, அந்தப் பெட்டிக்குள்ளே நாள் முழுவதும் தமிழிலேயே பேசுகிற சித்திரப் பாத்திரங்களும் வந்துசேர்ந்த அந்த ஓராண்டு, நம் கிராமத்துப் பிள்ளைகளின் மனச்சரித்திரத்தில் ஒரு திருப்பம் என்பது என் அபிப்பிராயம். படித்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இலவசப் பெட்டியின் அரசியலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி எழுதியவர் அபூர்வம்.

அந்தப் பிள்ளைகள் கண்ட பாத்திரங்களில் டோரா என்னும் சிறுமி தனி ரகம். அமெரிக்காவில் நிக்கலோடியன் நிறுவனம் 2000-ஆம் வருஷம் தொடங்கிய அந்தத் தொடர், தமிழில் பேசத் தொடங்கியபோது, சிவப்புக் காலணி அணிந்த குரங்குக்குட்டி புஜ்ஜி ஆயிற்று; திருட வரும் நரியும், பேசும் பையும், பாடும் வரைபடமும் வீட்டுப் பெயர்களாயின. டோராவின் விசேஷம், அவள் கதை சொல்வதோடு நிற்காமல் கேள்வி கேட்பாள் என்பதுதான். கேட்டுவிட்டு, கண்ணை விரித்து, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே பார்த்து, பதில் வருகிறவரையில் காத்திருப்பாள். பிள்ளையும் எழுந்து நின்று, கை நீட்டி, உரத்த குரலில் பதில் சொல்லும். அந்தத் தொடரின் தொடக்கக் காட்சியே ஒரு குழந்தையின் அறையில் உள்ள கணினிக்குள் நுழைவதாக அமைந்தது. சரியான விடையின்மேல் நீல அம்புக்குறி ஒன்று வந்து, ‘டிக்’ என்ற ஓசையோடு அழுத்திவிட்டுப் போகும். மவுஸ் என்ற பொருளை ஒருநாளும் கையில் தொட்டிராத பள்ளத்தாக்குப் பிள்ளைகள், அதன் அம்புக்குறியை இப்படித்தான் முதன்முதலில் சந்தித்தார்கள்.

ஆனால் டோராவுக்குக் காது கேட்காது. பிள்ளை மலை என்றாலும் ஆறு என்றாலும், ஒன்றுமே சொல்லாமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாலும், அவள் அதே புன்னகையோடு சரி என்று சொல்லிவிட்டு மேலே நடப்பாள். இதைக் கண்டுபிடிக்கிற நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் வருகிறது. சில குழந்தைகள் கண்டுபிடித்த பிறகும் தெரியாததுபோல நடித்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அது சிநேகத்தின் சுபாவம். வளர்ந்த பிறகு, அதே பாத்திரத்தைக் கணினித் திரையில் நடமாட விட்டு, தொட்டால் திரும்பிப் பார்க்கவும், இழுத்தால் கால் உதறவும், மணி பன்னிரண்டானால் தூங்கவும் செய்கிற இளைஞன், கடந்த காலத்துக்காக ஏங்குகிறான் என்று சொல்வது பாதி உண்மைதான். அன்றைக்குக் காது கேளாமல் போன தோழிக்கு இன்றைக்காவது காது கேட்கட்டும் என்பதே அந்த ஆசையின் மறுபாதி. 2007-இல் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, பத்து வருஷம் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கத்தின் விலையில்லா மடிக்கணினியைப் பெற்றது; அந்தத் திட்டமும் 2011-இல் ஒரு செப்டம்பர் 15-ஆம் தேதிதான் தொடங்கியது. அம்புக்குறி கடைசியில் அந்தப் பிள்ளையின் கைக்கே வந்தது.

காது கேட்கும் பொம்மை என்றால் அதில் ஓர் அபாயமும் உண்டு. கேளாதவளால் கோள் சொல்ல முடியாது. கேட்கிறவன் நாம் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்கிறான் என்பது வேறு விசாரணை. அந்த விசாரணைக்கு வருமுன், நிரபராதியான ஒரு ஜீவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நேக்கோ என்று பெயர். ஜப்பானில் 1980-களில் என்.இ.சி. நிறுவனத்தின் கணினியில் பிறந்த பூனைக்குட்டி அது. 1989-இல் கென்ஜி கோட்டோ என்பவர் அதை மக்கின்டாஷ் கணினிக்குக் கொண்டுவந்தார். பிறகு மசாயுகி கோபா என்பவர் யூனிக்ஸ் திரைகளுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு புள்ளி அகலமும் அவ்வளவே உயரமும் உள்ள முப்பத்திரண்டு சிறு படங்கள், அவ்வளவுதான் அதன் உடம்பு. அம்புக்குறி எங்கே போனாலும் பின்னாலேயே ஓடும். குறி நின்றுவிட்டால் பக்கத்தில் வந்து உட்காரும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும், கொட்டாவி விடும், சுருண்டு படுத்துத் தூங்கும். திரையின் ஓரத்தில் சிக்கினால் சுவரைப் பிறாண்டும். நமக்கு யோசனை சொல்லாது, பெயர் கேட்காது, எதையும் விற்காது. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட காலம் உண்டு; சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கியது. அந்த டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் இந்தப் பூனை வெகுகாலமாகக் காசில்லாமல் படுத்துக் கிடக்கிறது. பாஸைத் திறந்தே பாராமல் அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நம்மில் அதிகம் என்பதால், பூனையை எழுப்பியவர்கள் குறைவு.

இனி, நம் ஊரில் பலருக்கும் பரிச்சயமான ஆசாமிக்கு வருவோம். கம்பத்திலும் தேனியிலும் பெரியகுளத்திலும் இருந்த கணினிப் பயிற்சி நிலையங்களில் ஆறு மாத காலம் எம்.எஸ். ஆபீஸ் கற்றுக்கொண்டவர்கள், திரையின் மூலையில் பெரிய கண்களோடு ஆடிக்கொண்டிருந்த ஜெம் கிளிப்பை மறந்திருக்க மாட்டார்கள். கிளிப்பிட் என்று பெயர். கெவன் ஆட்பெரி என்ற ஓவியர் வரைந்தது. ஆபீஸ் 97-இல் வந்தது. மனிதர்கள் கணினியைத் தம்மையறியாமலே இன்னொரு மனிதரைப்போல நடத்துகிறார்கள், அதனிடம் மரியாதைகூடக் காட்டுகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைரன் ரீவ்ஸும் கிளிஃபோர்டு நாஸும் பரிசோதனைகள் செய்து கண்டிருந்தார்கள்; அப்படியானால் கணினிக்கு ஒரு முகத்தையும் கொடுத்துவிடலாமே என்று மைக்ரோசாஃப்ட் எண்ணியதன் பலன் முதலில் 1995-இல் வந்த பாப் என்ற மென்பொருள், பிறகு இந்தக் கிளிப்பிட். பாப் ஒரு வருஷத்தில் மறைந்தது. அதிலிருந்த ரோவர் என்ற நாய்க்குட்டி மட்டும் பிழைத்து, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் கோப்புத் தேடும் வேலைக்கு வந்து வாலாட்டியது. தேடலுக்கு அந்த நாயால் யாதொரு சகாயமும் இல்லை. ஆயினும் அதை வைதவர் யாரையும் நான் கண்டதில்லை. அது தன் வேலையில் இருந்தது.

கிளிப்பிட் அப்படி இருக்கவில்லை. ஏலத்தோட்டத்துக் கங்காணியைப்போல, கை வேலையில் இருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கடிதம் எழுதுகிறாய்போல இருக்கிறதே, நான் சொல்லித்தரட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் போய்விடும். நாளைக்கு அதே கடிதத்தின் அதே வரியில் மறுபடியும் வந்து கேட்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு, அது சுவாரசியமானது. எரிக் ஹார்விட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் லுமியேர் என்ற பெயரில் செய்த மூல முயற்சியில், ஒருவர் இதற்குமுன் என்னென்ன செய்தார், எதில் தேர்ந்தவர், எதில் தடுமாறுகிறவர் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, உதவி தேவைப்படுமா என்பதை நிகழ்தகவுக் கணக்கால் ஊகிக்கும் ஏற்பாடு இருந்தது. விற்பனைக்கு வந்த பொருளில் அந்த நினைவைக் கழற்றிவிட்டு, எளிய விதிகளை வைத்தார்கள். அறிமுகமானவர்போல் முகம் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் புதிதாக அறிமுகம் செய்துகொள்கிறவனை யார்தான் சகிப்பார்கள்? 2001-இல் வந்த பதிப்பில் அவனை உறங்க வைத்தார்கள். 2007-இல் அடியோடு நீக்கினார்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கோ அவன் இன்னும் ஒரு படி அந்நியன். அந்நாட்களில் கலியாணப் பத்திரிகையும் கோவில் நோட்டீசும் பாமினி எழுத்துருவில் அடித்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அந்த எழுத்துருவில் அம்மா என்று திரையில் தெரிந்தாலும், கணினியின் வயிற்றுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். ஆகவே மணமகன் பெயர் முதல் முகூர்த்த நேரம் வரையில் எல்லாவற்றின் அடியிலும் பிழையென்று சிவப்புக் கோடு ஓடும். மூலையில் இந்த ஆசாமி கண் சிமிட்டிக்கொண்டிருப்பான். நமக்கு உதவ வந்தவன் நம் பாஷையைக் குப்பையாக மட்டுமே கண்டான். அதே நிறுவனம் மெர்லின் என்ற மந்திரவாதியையும் பீடி என்ற பச்சைக் கிளியையும் ஏஜென்ட் என்ற பெயரில் பேசவும் வைத்து, வேறு மென்பொருள் செய்வோரும் அவற்றை எடுத்தாளலாம் என்று கொடுத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம் முதலிய குரல்கள் அவற்றுக்கு வாய்த்தன. தமிழ்க் குரல் வாய்க்கவில்லை.

அப்படி எடுத்தாண்டவர்களில் ஒருவர்தான் வஞ்சகத்தின் கதாநாயகர். கலிபோர்னியாவைச் சேர்ந்த பான்சி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 1999-இல் பான்சிபடி என்ற துணைவனை வெளியிட்டது. முதலில் அந்தப் பச்சைக் கிளியையே பயன்படுத்தி, பிறகு ஊதா நிறத்தில் ஒரு கொரில்லாவை வரைந்து நிறுத்தியது. அந்தக் கொரில்லா பாடும், வேடிக்கை சொல்லும், மரத்திலிருந்து ஊசலாடி இறங்கும்; எல்லாம் இலவசம். பிள்ளைகள் மயங்காமல் என்ன செய்வார்கள்? உள்ளே வந்த பிறகு அது உலாவியின் முகப்புப் பக்கத்தைத் தன் நிறுவனத்தின் பக்கமாக மாற்றும். விளம்பரங்களைக் கொண்டுவந்து நிறுத்தும். வீட்டுக்காரர் போன போக்கைக் கவனிக்கும். சேர்ந்துகொள்ளும் படிவத்தில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமும், பெற்றோர் சம்மதம் இல்லாமல், பெயரையும் முகவரியையும் வாங்கியதற்காக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2004-இல் அந்த நிறுவனத்துக்கு 75,000 டாலர் அபராதம் விதித்தது. அதே வருஷம் கொரில்லா ஓய்வு பெற்றது. டோராவின் கதையில் நரி திருட வந்தால் மூன்று தரம் அதட்டினால் போதும், விரலைச் சொடுக்கிவிட்டுத் திரும்பிப் போகும். இந்தக் கதையில் திருட வந்தவனே தோழன் வேஷத்தில் இருந்தான். அதட்டுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

நமக்கு வராமலே போன ஒரு வகையையும் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். 1997-இல் பார்னி என்ற ஊதா டைனோசரையும், அடுத்த வருஷம் ஆர்தர் என்ற கார்ட்டூன் பாத்திரத்தையும் மைக்ரோசாஃப்டே துணிப் பொம்மைகளாகச் செய்து விற்றது. கணினியோடு பொருத்திய சிறு வானொலிக் கருவி செய்தி அனுப்ப, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொம்மை, திரையில் பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு ஏற்றபடி பேசும். விலை உயர்ந்த விளையாட்டு; நெடுநாள் நிலைக்கவில்லை.

இத்தனை சரித்திரமும் தெரிந்த பின்னரும் அந்தத் திரைப் பொம்மைகள் திரும்பி வருகின்றன. மைக்ரோசாஃப்ட் கைவிட்ட ஏஜென்டுக்கு மாற்றாக டபுள் ஏஜென்ட் என்று ஒன்று எழுதப்பட்டது. கிளிப்பிட்டை 2021-இல் மைக்ரோசாஃப்டே ஒரு சித்திரக் குறியாக மீட்டது. கார்ட்டூன் பாத்திரங்களை நடமாட விடுகிறவர்கள் பெரும்பாலும் கைக்கொள்வது ஷிமேஜி என்ற ஜப்பானிய மென்பொருள். யூகி யமாடா என்பவர் 2009-இல் ஜாவா மொழியில் எழுதி, மூலநிரலையும் திறந்து வைத்தார். இதன் அழகு என்னவென்றால், உங்களுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 128 புள்ளிச் சதுரத்தில் நாற்பத்தாறு படங்கள் வரைந்து, எண் வரிசைப்படி பெயரிட்டு, ஓர் உறைக்குள் போட்டுவிட்டால், அந்தப் படங்கள் எழுந்து நடக்கும், சாளரத்தின்மேல் ஏறும், தலைகீழாகத் தவழும், இழுத்துவிட்டால் விழும், தன்னையே இரண்டாக்கிக்கொள்ளவும் செய்யும்.

இங்கே இளைஞர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து ஆயத்தப் பொம்மையை இறக்கிக்கொள்கிறவர், அந்தப் பொம்மையோடு வேறு என்ன இறங்குகிறது என்று அறியமாட்டார். பான்சியின் வாரிசுகள் பலர். நம் நாட்டிலும் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பொம்மையை வீட்டுக்குள் அழைப்பது நாம். மற்றொன்று, டோராவும் டோரேமானும் சோட்டா பீமும் உரிமையாளர்கள் உள்ள பாத்திரங்கள். சொந்த ஆசைக்கு ஒரு படம் வரைந்துகொள்கிறவரை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டாலும், அவர்களைக் கொண்டு நாமாக ஒன்றைக் கட்டி எழுப்ப முடியாது. இரவல் முகத்தின்மேல் நமக்கு அதிகாரம் இல்லை.

அப்படியானால் உரிமையாளர் இல்லாத முகம் நம்மிடம் உண்டா? உண்டு, ஒன்றல்ல, இரண்டு. தென்மாவட்டங்களில் மண்டிகர் வகுப்பார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்த தோல்பாவைக்கூத்தில், ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, ஊர் நடப்பைப் பேசி, கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரட்டையரை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். நாட்டார் கலை ஆராய்ச்சியாளர் அ.கா. பெருமாள் இந்தக் கூத்தை ஊர் ஊராக அலைந்து பதிவு செய்திருக்கிறார். ஆட்டுத்தோலில் வரைந்து வெட்டிய அந்த உருவங்களும் ஒளியூட்டிய திரைமேல் நடப்பவைதாம். திரைக்குப் பின்னால் ஒரே மனிதர் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் கொடுத்துக்கொண்டு, முன்வரிசையில் அழும் குழந்தையைக்கூட உச்சிக்குடும்பன் வாயால் அழைத்துப் பேசிவிடுவார். டோராவால் செய்ய முடியாததை, கிளிப்பிட் செய்யத் தெரியாமல் கெடுத்ததை, ஒரு வேட்டித் திரையும் ஒரு விளக்கும் கொண்டு அந்தக் கலைஞர் செய்தார். காதும் இருந்தது, நினைவும் இருந்தது. கேட்டதைக் கொண்டுபோய் விற்கிற வழக்கம் மட்டும் இல்லை.

உச்சிக்குடும்பனைக் கணினித் திரைக்குக் கொண்டுவருவது நம் சாமர்த்தியத்துக்கு அப்பாற்பட்ட காரியம் அன்று. அவன் குடுமியை ஆட்டிக்கொண்டு சாளரத்தின்மேல் நடக்கட்டும். இரவு வெகுநேரம் கண் விழித்தால் தலையில் அடித்துக்கொண்டு படுக்கப் போகச் சொல்லட்டும். உளுவத்தலையன் அவனை இழுத்துக் கீழே தள்ளட்டும். இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலேயே தமிழ் பேசும் குரல்பொறி ஆக்கியிருக்கிறார்கள். குரல் வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம், அவசரமில்லை. இணையத்தோடு அவனுக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம். பெயர் கேட்க வேண்டாம், போ என்றால் உடனே போக வேண்டும். நேக்கோவிடம் நான் கண்ட நற்குணங்கள் இவைதாம். வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்புகளில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து திட்டு வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாவைக்கூத்துக் கலைஞர் யாரேனும் எட்டும் தொலைவில் இருந்தால், அந்தப் பிள்ளைகளை அவரிடம் அழைத்துப் போங்கள். அவருக்கு உரிய சம்மானத்தைக் கொடுத்து, உருவங்களை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் கையில் நாற்பத்தாறு தாள்களைக் கொடுங்கள். இந்தக் கோடை விடுமுறைக்கு அந்த வேலை போதும்.